கார் புளோயர் சத்தம் போடுகிறதா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

ஃபேன் குமிழைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்றோ கீச் கீச் என்றோ கேட்க ஆரம்பித்தால், அது பெரும்பாலும் புளோயரில் இருந்து வருகிறது. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் காருக்குள் காற்றைத் தள்ளுவது இந்த ஒரே விசிறிதான். வட்டமான பிளாஸ்டிக் கூண்டு, அதைச் சுற்றி வளைந்த சின்னச் சின்னத் தகடுகள், அடியில் ஒரு 12 வோல்ட் மோட்டார். அவ்வளவுதான் அதன் அமைப்பு. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இது இடது முன் இருக்கையில் உட்காருபவரின் காலுக்கு மேலே, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்.

இந்தச் சத்தத்தோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கழற்றிப் பார்த்தால் பல நேரம் உள்ளே கிடப்பது நாலு வேப்பிலையும் ஒரு கைப்பிடி தூசியும்தான். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள். எந்த வேகத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது, காரைத் திருப்பும்போது மாறுகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் புளோயர்தானா என்று உறுதி செய்யுங்கள்

காரை அமைதியான இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். ஃபேன் பூஜ்யத்தில் இருக்கட்டும். இப்போது சத்தம் இல்லை, குமிழை ஒன்றுக்குத் திருப்பியதும் வருகிறது, வேகம் கூட்டக் கூட்டச் சத்தமும் வேகமாகிறது என்றால் புளோயர்தான். மாறாக, இஞ்சின் ஓடும்போது மட்டும் கேட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மாறினால், பெல்ட், கம்ப்ரசர் என்று பானட்டுக்குள் தேட வேண்டும். அதற்காக க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

அடுத்து, வெளிக்காற்று, உள்காற்று பொத்தானை மாற்றிப் பாருங்கள். உள்காற்று நிலையில் விசிறி காற்றை அறைக்குள் இருந்தே இழுப்பதால் 'உஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. வெளிக்காற்றில் மட்டும் சரசரவென்று கேட்டால், வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று நுழைவாயிலில் இலை சிக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக முகம், கால், முன் கண்ணாடி என்று காற்று போகும் திசையை மாற்றுங்கள். திசை மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் கோளாறு விசிறியைத் தாண்டி, காற்று போகும் குழாயில் இருக்கிறது.

இந்தச் சோதனையை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். முழு வேகத்தில் புளோயர் 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். இஞ்சின் ஓடாதபோது அத்தனையும் பேட்டரியில் இருந்து போகிறது.

அறிகுறி: டிக் டிக், சரசர, படபட

ஏதோ ஒன்று சுற்றும் தகடுகளில் தட்டுகிறது. வேகம் ஒன்றில் தனித்தனியாக எண்ணிவிடும்படி கேட்கும் டிக் டிக், மூன்று நான்கில் ஒன்றாகச் சேர்ந்து படபட என்றாகிவிடும். இலைக்காம்பு, காய்ந்த நெற்று, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரில் இருந்து கிழிந்த துண்டு, க்ளவ் பாக்ஸில் இருந்து நழுவிய பில் காகிதம், இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும்.

வேப்ப மரத்தடியில் நிற்கும் கார்களுக்கு மாசி, பங்குனி மாதங்களில் இது அதிகம் வரும். வேப்பிலை ஒல்லியானது, வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடையில் சுலபமாக நுழைந்துவிடும். புளியிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "கேபின் ஃபில்டர் இருக்கிறதே, இலை எப்படிப் போகும்?" என்று கேட்கலாம். சில கார்களில் ஃபில்டர் விசிறிக்கு முன்னால் இருக்கும். அங்கே இலை ஃபில்டரிலேயே நின்றுவிடும். வேறு சிலவற்றில் ஃபில்டர் விசிறிக்கும், காற்றைக் குளிர்விக்கும் ஏசியின் கூலிங் காயிலுக்கும் நடுவில் இருக்கும். அங்கே இலை நேராக விசிறிக்குள்தான் விழும். குறைந்த விலை மாடல்களில் ஃபில்டருக்கு இடம் விட்டிருப்பார்கள், ஃபில்டர் போட்டிருக்க மாட்டார்கள். க்ளவ் பாக்ஸைத் திறந்து, ஃபில்டர் இருக்கிறதா, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைந்த ஃபில்டரின் ஓரம் காற்றில் அடித்துக்கொண்டாலும் இதே படபட சத்தம் வரும். அதை நிமிர்த்தினால் வேலை அங்கேயே முடிந்தது.

ஃபில்டர் சரியாக இருந்தால் புளோயரை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வழிமுறை கீழே.

அறிகுறி: டேஷ்போர்டே அதிர்கிறது, 'ஊம்ம்' என்று உறுமல்

கூண்டின் எடை ஒரு பக்கம் கூடிப்போயிருக்கிறது. நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றும் பொருளில் ஒரு பக்கம் கொஞ்சம் தூசி அப்பியிருந்தால்கூட இருக்கை வரை அதிர்வு தெரியும். ஈரம் பட்ட தூசி தகடுகளின் உள்வளைவில் ஒட்டி, காய்ந்து, மேலும் மேலும் படிந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்ந்து மற்ற வேகங்களில் அடங்கினாலும் இதே காரணம்தான். தகடு ஏதாவது உடைந்திருக்கிறதா என்றும் கழற்றிய பிறகு பாருங்கள். உடைந்திருந்தால் சுத்தம் செய்து பலனில்லை. கூண்டை மாற்ற வேண்டும்.

பல நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரில் திடீரென்று இந்த அதிர்வும் கூடவே ஒரு வாடையும் வந்தால் எலியைச் சந்தேகியுங்கள். பஞ்சு, நூல், காகிதம் எல்லாம் கொண்டுவந்து கூண்டுக்குள்ளேயே கூடு கட்டிவிடும். இதைச் சுத்தம் செய்யும் முறை வேறு. பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: கீச் கீச், கிரீச்

மோட்டாரின் தண்டு சுற்றும் புஷ் காய்ந்துவிட்டது. பெரும்பாலான புளோயர்களில் இது எண்ணெய் ஊறிய வெண்கலப் பொடியை அழுத்திச் செய்த சின்ன வளையம். வருடக்கணக்கில் ஓடி, தூசி உறிஞ்சி, எண்ணெய் வற்றியதும் கத்த ஆரம்பிக்கும். காலையில் முதல் முறை போடும்போது கீச்சிட்டு, சூடானதும் அடங்கும். குறைந்த வேகத்தில் அதிகம் கேட்கும். இப்படி இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

காரை வளைவில் திருப்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ மட்டும் கரகரவென்று உரசினால் நிலைமை ஒரு படி முற்றிவிட்டது. புஷ் தேய்ந்து, தண்டு ஆடுகிறது. கார் சாயும்போது கூண்டு பக்கச் சுவரில் உரசுகிறது. எண்ணெய் விட்டு இதைச் சரிசெய்ய முடியாது. மோட்டாரை மாற்றுவதற்குத் தயாராகுங்கள்.

அறிகுறி: நான்காவது வேகத்தில் மட்டும் ஓடுகிறது

இது சத்தக் கோளாறு இல்லை, ஆனாலும் கீச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பல நேரம் இங்கேதான் வந்து நிற்கும். குமிழ் வைத்த கார்களில் 1, 2, 3 வேகங்களுக்கு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது; மின்சாரத்தைக் குறைத்து விடும் சின்னப் பாகம் அது. கடைசி வேகத்துக்கு நேராகப் போகிறது. ரெசிஸ்டர் எரிந்தால் கடைசி வேகம் மட்டும் மிஞ்சும். கடையில் புது ரெசிஸ்டர் வாங்கி மாட்டினால் ஓடும். ஆனால் அது ஏன் எரிந்தது? காய்ந்த புஷ்ஷோடு திணறிச் சுற்றும் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சூடெல்லாம் ரெசிஸ்டரில் இறங்குகிறது. போதாததற்கு, ரெசிஸ்டரைக் குளிர வைப்பதும் இதே விசிறியின் காற்றுதான். காற்று குறைந்தால் அதன் சூடு இன்னும் ஏறும். மோட்டாரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடி எரிய வாய்ப்பு அதிகம். கையோடு அதில் வயர் செருகும் கனெக்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது தீப்பிடிக்க வழி செய்வது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

தானியங்கி ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதை வீட்டில் சோதிக்க முயல வேண்டாம்.

அறிகுறி: விசிறி சில நேரம் ஓடுவதில்லை, டேஷ்போர்டுக்கு அடியில் தட்டினால் ஓடுகிறது

மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டார் மாற்ற வேண்டியதுதான்.

புளோயர் அல்லாத சத்தங்கள்

சாவி போட்டதும் டக் டக் டக் என்று சில நொடி கேட்டு நிற்கிறது, அல்லது உள்காற்று வெளிக்காற்று மாற்றும்போது மட்டும் கேட்கிறது என்றால், காற்றுக் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். காரைத் திருப்பும்போது களக் களக் என்று தண்ணீர் அலம்பினால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து உள்ளே தேங்கியிருக்கிறது. கால் மிதியடி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அந்தத் தண்ணீர் புளோயருக்கும் வந்துவிடும். இரைச்சல் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் மெல்லியதாக வருகிறது என்றால் ஃபில்டரோ கூலிங் காயிலோ அடைத்திருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கழற்றுவது எப்படி

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். பிறகு 10 நிமிடமாவது காத்திருங்கள். இந்தக் காத்திருப்பு ஏர்பேக்குக்காக. இந்தியாவில் விற்பதற்காக 2022 முதல் தயாரான எல்லா கார்களிலும் இடது முன் இருக்கைக்கும் ஏர்பேக் உண்டு. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றிலும் உண்டு. அது நீங்கள் கை விடப்போகும் இடத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள்.

இடது இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, மிதியடியை எடுத்துவிட்டு, பழைய போர்வையை விரியுங்கள். க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் பல கார்களில் அது முழுக்கக் கீழே இறங்கிவிடும். ஒரு பக்கம் மெல்லிய கயிறோ கம்பியோ பிடித்திருக்கும். அதை முதலில் விடுவியுங்கள். சில கார்களில் க்ளவ் பாக்ஸைத் தொடாமலே, காலடியில் தலையை விட்டு மேலே பார்த்தால் புளோயர் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக் வட்டத் தட்டு, நடுவில் மோட்டாரின் புடைப்பு, ஓரத்தில் வயர் கனெக்டர். அருகே சுண்டுவிரல் அளவு ரப்பர் குழாய் இருந்தால் அது மோட்டாருக்குக் குளிர்காற்று கொண்டுபோவது, அதை மறந்துவிடாதீர்கள். எதையும் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கனெக்டரின் பூட்டை அழுத்திக்கொண்டு அதன் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தட்டைப் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். இரண்டு சுலபமாக வந்துவிடும். மூன்றாவது இஞ்சின் பக்கச் சுவரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். அதற்குக் குட்டை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். நீளமானதைச் சாய்த்து வைத்துத் திருகினால் தலை வழுக்கிப்போகும், பிறகு பெரும்பாடு. சில மாடல்களில் ஸ்க்ரூவே இருக்காது. ஒரு பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு தட்டைச் சற்றே திருப்பினால் கழன்றுவிடும். எதுவாக இருந்தாலும், கடைசிப் பிடி விடும்போது இன்னொரு கை மோட்டாரைத் தாங்கியிருக்க வேண்டும். நேராகக் கீழே இறக்குங்கள். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், குப்பை கொட்டும்.

சுத்தம் செய்வது எப்படி

முதலில் மோட்டாரைக் கையில் பிடித்து கூண்டை விரலால் சுண்டிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். பிறகு கூண்டின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தண்டு கடகடவென்று ஆடினால் இத்தோடு நிறுத்திக்கொண்டு புது மோட்டார் பாருங்கள்.

ஆட்டம் இல்லையென்றால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு தகடாகத் தேயுங்கள். இந்த வேலையில் பொறுமை வேண்டியது இங்கேதான். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும். உள்வளைவில் தூசி கம்பளிபோல் ஒட்டியிருக்கும். பாதித் தகடுகளைச் சுத்தம் செய்து மீதியை விட்டால், முன்பு எல்லாப் பக்கமும் ஓரளவு சமமாக இருந்த எடை மாறி அதிர்வு கூடிவிடும். ஆரம்பித்த தகட்டில் பேனாவால் ஒரு குறி வைத்துக்கொண்டு முழுச் சுற்றும் முடியுங்கள். தகடுகளில் எங்காவது சின்ன உலோகக் கிளிப் செருகியிருந்தால் அது குப்பை இல்லை, எடையைச் சமன் செய்யத் தொழிற்சாலையில் வைத்தது. அதை அசைக்கவே கூடாது.

அழுக்கு பிசுபிசுப்பாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷ் போதும். கூண்டு கீழே, மோட்டார் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காது. மோட்டாரைக் கழுவாதீர்கள். கூண்டைத் தண்டில் இருந்து பிடுங்கவும் முயலாதீர்கள். இறுக்கமாகப் பொருத்தியிருப்பார்கள், நெம்பினால் விரிசல் விடும். ஏர் கம்ப்ரசரால் ஊதினால் கூண்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லையென்றால் அது எல்லை மீறிய வேகத்தில் சுற்றி, இருக்கிற புஷ்ஷும் கெட்டுவிடும்.

கீச் சத்தம் இருந்த மோட்டார் என்றால், கூண்டுக்கு அடியில் தண்டு உள்ளே போகும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கையால் சுற்றுங்கள். ஒரு சொட்டுதான். கூடினால் கார்பன் பிரஷ் பக்கம் வழிந்து மோட்டாரைக் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் சில நாளில் காய்ந்து சத்தம் திரும்பிவிடும். தையல் மெஷின் எண்ணெயும் நிரந்தரத் தீர்வு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது மோட்டார் வாங்கும்வரை சமாளிக்க அது உதவும்.

மோட்டார் இருந்த ஓட்டைக்குள் வாக்குவம் குழாயை விட்டு இழுங்கள். பிறகு கைபேசியை உள்ளே நீட்டி, விளக்கு போட்டு ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரு இலைக்காம்பு மிஞ்சினாலும் அடுத்த நாளே டிக் டிக் ஆரம்பித்துவிடும். மேலே தட்டுப்படும் காற்றுக் கதவை அழுத்தித் தள்ள வேண்டாம்.

எலிக்கூடு இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷோ வாக்குவமோ கூடாது. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். எச்சத் தூசியும் மூச்சில் போகக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, கார்க் கதவுகளைத் திறந்து வைத்து, கிருமிநாசினி கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடே துணியால் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்து வயர்களில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் பேட்டரியை இணைக்க வேண்டாம்.

திரும்ப மாட்டுதல், மாட்டிய பிறகு வரும் சத்தங்கள்

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பொருத்துங்கள். தட்டைச் சுற்றி நுரைப்பட்டை இருந்தால் மடியாமல் உட்கார வேண்டும். மூன்று ஸ்க்ரூவையும் பாதி பாதியாக ஏற்றி, கடைசியில் இறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை என்பதால் கை பலம் காட்ட வேண்டாம். ரப்பர் குழாய், கனெக்டர், பிறகு பேட்டரி. க்ளவ் பாக்ஸை மூடும் முன்பே ஒன்றில் இருந்து நான்கு வரை ஓட்டிக் கேளுங்கள்.

புதிதாக உரசும் சத்தம் வந்தால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்; அந்த மூன்றாவது ஸ்க்ரூவைத்தான் முதலில் பாருங்கள். விசில் போல் வந்தால் நுரைப்பட்டை வழியே காற்று கசிகிறது, அல்லது ரப்பர் குழாய் மாட்டப்படவில்லை. புது மோட்டார் போட்ட பிறகு சுற்றுகிறது, காற்று மட்டும் பாதிதான் வருகிறது என்றால், வயர் மாறி விசிறி எதிர்த் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். பழைய கூண்டோடு ஒப்பிட்டுத் தகடு வளையும் பக்கமும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். பேட்டரி கழற்றியதால் கடிகாரம் அழிந்திருக்கும், சில கார்களில் தானாக ஏறும் கண்ணாடியைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். அதற்காகப் பதற வேண்டாம்.

கடைசியாக, பானட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கிடக்கும் இலைகளைக் கையால் அள்ளி எடுங்கள். காற்று நுழைவதும் மழைத் தண்ணீர் வடிவதும் அந்த இடத்தில்தான். வடிகால் ஓட்டை அடைத்தால் தண்ணீர் தேங்கி, புளோயருக்குள் இறங்கி, மோட்டார் துருப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தின் பக்கம் தரையில் ஒழுகினால் வழி திறந்திருக்கிறது. அப்படியே தேங்கி நின்றால் ஒரு மெல்லிய வயரை விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள்.